சைக்கிளில் தம்பதி யாத்திரை

கேள்வி: மனைவியோடு நெடுந்தூரம் சைக்கிளில் புறப்பட்டேன், பாதி வழியில் பஞ்சராகி, பிரயாணமும் மனமும் கெட்டன. தம்பதிகளுக்கு இது ஏற்ற யாத்திரைதானா?

பதில்: சந்தேகமின்றி ஏற்றதே. 1890-களின் இறுதியில் அமெரிக்கத் தம்பதியரான ஃபேனி புல்லக் வொர்க்மனும் வில்லியமும், நம் தேசத்தின் தென்கோடியிலிருந்து இமயம் வரை சுமார் 14,000 மைல் சைக்கிளிலேயே சுற்றியபோது, ஒரே நாளில் 40 பஞ்சர்கள் வரை ஒட்ட நேர்ந்தும், விவாகம் மட்டும் பஞ்சராகாமல் காத்துக்கொண்டு, பின்னர் காரகோரப் பனிச்சிகரங்களிலும் ஒன்றாகவே ஏறி, 1904-இல் அந்தச் சைக்கிள் பிரயாண நூலை இருவர் பெயராலும் வெளியிட்டார்கள். எத்தகைய தாம்பத்தியம்! ரப்பர் முள்ளுக்குத் தோற்பது இயற்கை. அதற்காக மனைவியைக் கடிந்துகொள்வதே பிழை. சொல்யூஷனும் பம்பும் எடுத்துக்கொண்டு, அம்மையார் சொல்லும் சாலையிலேயே மறுபடியும் புறப்படுங்கள்.