கிண்டிப் புள்ளிமானின் மலர் நிராகரிப்புக் கோட்பாடு: ஒரு முன்னாய்வு

மாலையில் செம்பருத்தி நட்டவர் காலையில் காண்பது காம்பு. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் தோட்டம் போட்டவர்கள் நன்கறிந்த இந்நிகழ்வுக்கு இதுவரை எவரும் கோட்பாடு வகுக்காதது தமிழ் ஆய்வுலகுக்கு இழுக்கு.

களம்: 1978இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காடு, பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டிய வளாகத்தில் புள்ளிமானும் வெளிமானும் வாடகையின்றிக் குடியிருக்கின்றன. வெளிமானுக்குப் பெரும்பாலும் புல்லே போதும். எனவே இவ்வழக்கில் முதல் எதிரி புள்ளிமான்.

அதற்கு நாக்கில் ருசியே கிடையாது என்பாருண்டு. ரோஜாவை முள்ளோடு தின்கிறது. இறந்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் பைகளை எடுத்திருக்கிறார்கள். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. குப்பையில் கிடக்கும் பையையே விழுங்கும் பிராணி, அரளியை முகர்ந்ததும் நகர்ந்துவிடுகிறதென்றால் அதன் வேதியியல் அறிவை நாம் மதித்தாக வேண்டும். அரளியிலுள்ள ஒலியாண்ட்ரின் இதயத்தையே நிறுத்த வல்லது. நித்தியகல்யாணியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டினை எடுக்கிறோம். மான் அதை மருந்தாகக்கூட ஏற்பதில்லை. நம் மாநில மலரான செங்காந்தளில் கொல்கிசின். எருக்கில் பால், ஊமத்தையில் பித்து. துலுக்கச் சாமந்தி வாடையை மட்டும் நம்பியிருப்பதால் கோடைப் பசியில் அதன் பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை. (குழந்தையுள்ள வீடுகளுக்கு இப்பட்டியல் ஆகாது. மானுக்குள்ள விவேகம் குழந்தைக்குக் கிடையாது.)

இனி ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. எருக்கு, ஊமத்தை, அரளி ஆகிய மூன்றும் சிவபூசைக்கு உகந்தவை. நஞ்சுண்டவர் என்பதால் நச்சுப்பூ என்று சுலபமாகக் காரணம் சொல்லிவிடுவார்கள். அவர் கையில் ஒரு மான் இருப்பதை எவரும் கணக்கில் கொள்ளவில்லை. இரவும் பகலும் மானைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மல்லிகையைச் சூடினால் அது மதியம் வரை தாங்குமா? கொன்றை எப்படித் தப்பியது என்று சைவர்கள் தடை எழுப்பலாம். அது மரம், எட்டாது.

நடைமுறைப் பரிந்துரை: சுற்றிலும் அரளி, நடுவில் செம்பருத்தி. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. குரங்கு மொட்டைமாடி வழியே இறங்கி, செம்பருத்தியைப் பறித்து, பாதி கடித்து, மீதியை வேலிக்கு வெளியே எறிகிறது. அங்கே மான் காத்திருக்கிறது. இக்கூட்டுச்சதி பற்றிய இரண்டாம் பகுதி, குரங்கு என் குறிப்பேட்டைத் திருப்பித் தந்தபின் வெளியாகும்.