இருங்காட்டுக்கோட்டை இளவரசர்

சென்னையில் இவரை அடையாளம் காண்பது சுலபம். கத்திப்பாரா மேம்பால வளைவில் ஊரே பிரேக் பிடிக்கும்போது, இவர் மட்டும் ஸ்கூட்டரில் முழங்கையை மடக்கி, தலையை உள்பக்கம் சாய்த்து ‘லைன்’ பிடிப்பார். பின்சீட்டில் கீரைக்கட்டோடு மாமியார் உட்கார்ந்திருந்தாலும் பிடிப்பார். வயது முப்பத்தைந்துக்கு மேல், நாற்பத்தைந்துக்குள். வேலை ஓ.எம்.ஆரில். வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கும். அந்த நிம்மதிதான் வினை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அறிவிப்பு வரும்.

“ட்ராக்குக்குன்னு தனியா ஒரு சின்ன வண்டி வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான்.”

“அப்ப ரோட்டுல ஓட்ட மாட்டீங்களா?”

“ரோட்டுல வேகமா ஓட்டுறது டேஞ்சர்மா.”

இந்தப் பதிலில் ஓட்டை கண்டுபிடிக்க அந்த அம்மாளுக்கு இரண்டு நாள் பிடிக்கும். அதற்குள் இவர் ஆறு விளம்பரங்களைக் குறித்துவைத்திருப்பார்.

சின்ன வண்டி, பழைய வண்டி என்று அவர் முடிவெடுத்ததில் மட்டும் நான் அவர் கட்சி. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம், சுற்றுக்கு ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஆயிரம் சிசி வண்டியோடு போகிறவர் நேர்பாதையில் ஆக்சிலேட்டரைத் திருகி முடிப்பதற்குள் வளைவு வந்துவிடும், மீதி நேரம் குலதெய்வத்தை அழைப்பதில் போய்விடும். பதினேழு குதிரைசக்தியே உள்ள பழைய யமஹா ஆர்15இல் அந்தச் சொகுசு இல்லை. வளைவில் விட்ட வேகத்தை அது நேர்பாதையில் மீட்டுத் தராது. ஆகவே ஓட்டுகிறவர் வளைவைக் கற்றுத்தான் தீர வேண்டும். விழுந்து உடைத்தாலும் புதுப்பேட்டையில் பாகம் கிடைக்கும். 2008இல் அந்த வண்டி நம் ஊருக்கு வந்தபோது 150 சிசியில் ரேடியேட்டர், ஆறு கியர், டெல்டாபாக்ஸ் சேசிஸ் எல்லாம் சேர்ந்து இருந்ததே அதிசயம். 2011இல் பின்டயர் அகலமாகி வெர்ஷன் 2 வந்தது. நம்மவர் தேடுவது அதை. நடுவில் நிஞ்ஜா 250 மேல் ஒரு சபலம் எட்டிப் பார்க்கும். அதன் ஸ்பேர் விலையைக் கேட்டதும் தானாகவே உள்ளே போய்விடும்.

பழைய வண்டி விளம்பரங்கள் ஒரு தனி இலக்கியம். ‘சிங்கிள் ஓனர். டாக்டர் ஓட்டின வண்டி.’ தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் வண்டிகளையெல்லாம் டாக்டர்கள்தாம் ஓட்டியிருக்கிறார்கள். நோயாளிகளை யார் பார்த்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

வியாசர்பாடியில் ஒரு வண்டி. விற்கும் பையன் முந்தின நாளே பாலிஷ் போட்டு, கீறல் விழுந்த இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டி, மணமேடைக்கு அனுப்புகிற மாதிரி நிறுத்தியிருக்கிறான்.

“பாடில ஒரு ஸ்க்ராட்ச் கிடையாதுண்ணா.”

நம்மவர் முகம் வாடுகிறது. “ஃபேரிங் எங்கயாவது உடைஞ்சிருக்கா தம்பி?”

“சத்தியமா இல்லண்ணா!”

“அடடா.”

அந்தப் பையன் இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததில்லை. ஃபேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபைபரில் ஒன்று மாட்டப் போகிறவருக்கு, உடையாத ஃபேரிங் வீண் செலவு. அவருக்கு வேண்டியது முகம் சிதைந்து எலும்பு நேராக இருக்கும் வண்டி. ஆகவே பாலிஷ் பக்கம் திரும்பாமல் தரையில் படுத்துவிடுகிறார். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது போய் முட்டும் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடிக்கிறார். பலமாக விழுந்த வண்டி அங்கேதான் உண்மையைச் சொல்லும். முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிக் கோன் செட் பார்க்கிறார். ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவி அந்த விரலை முகர்கிறார். பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி, ஒரு கண்ணை மூடி, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்கிறார். டயரின் பக்கவாட்டில் 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். “இது வேலைக்கு ஆகாது” என்கிறார், ஏதோ மற்றதெல்லாம் வேலைக்கு ஆகிற மாதிரி.

பிறகு பேரம்.

“ஹெட்லைட் புதுசா எல்.இ.டி. போட்டதுண்ணா, மூவாயிரம் ரூபா.”

“அதைக் கழட்டி நீயே வச்சுக்க. மூவாயிரம் குறைச்சுக்க.”

“கண்ணாடி ரெண்டும் ஒரிஜினல்.”

“அதுவும் வேணாம்.”

“ஹாரன் டபுள் ஹாரன்ணா...”

“வேணாம்.”

பையன் இரண்டடி பின்வாங்குகிறான். “அண்ணா, வண்டியை உடைச்சுப் பார்ட்டு பார்ட்டா விக்கப் போறீங்களா?”

ஆனால் ஆர்.சி. புத்தகத்தையும் லோன் முடிந்த என்.ஓ.சி.யையும் மட்டும் வரி விடாமல் படித்துத்தான் பணத்தை எண்ணுகிறார். ரோட்டில் ஓடாத வண்டிக்கு எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். திருட்டு வண்டி ட்ராக்கில் ஓடினாலும் திருட்டு வண்டிதான்.

அடுத்த கட்டம் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிறு காலைகளில். கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாக இறங்குகிறது. கழன்ற ஒவ்வொரு சாமானும் மாடிக்குப் போய், கோதுமை மாவு நிறுக்கும் சமையலறைத் தராசில் ஏறுகிறது.

“நாலு கிலோ குறைச்சாச்சு.”

அவர் எடை 91. அது கணக்கில் வராது. அது ரைடர்.

சாரி கார்டு இறங்கும் நாளில்தான் வீட்டில் கேள்வி எழும். “இதையும் எடுத்துட்டா நான் எங்க காலை வைக்கிறது?” காலை வைப்பது இருக்கட்டும், பின்சீட்டே இனி இல்லை என்பதை அவர் அப்போதுதான் பக்குவமாகச் சொல்கிறார். பக்குவம் போதவில்லை என்பது அன்றைய சாம்பாரில் தெரிகிறது.

அதன்பின் நுண்கலைகள். ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் மெல்லிய துளை போட்டு, கம்பி கோத்து முறுக்கிக் கட்ட வேண்டும். அதிர்வில் அது கழன்று ஆயில் கொட்டினால் பின்னால் வருகிறவர்கள் வரிசையாக விழுவார்கள். அந்தத் துளைக்காக டிரில் பிட்டுகள் பல உயிர்நீத்தன. ரேடியேட்டரில் உள்ள பச்சைக் கூலன்ட்டும் ஆகாது. அதிலிருக்கும் கிளைகால் என்ற ரசாயனம் தார்மேல் சிந்தினால் வழுக்கும், துடைத்தாலும் லேசில் போகாது. எனவே வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர். வீட்டில் எல்லோரும் கேன் தண்ணீர் குடிக்க, கீழே ஒன்று மட்டும் டிஸ்டில்டு வாட்டர் குடிக்கிறது. பிரேக் ஆயில் பழசானால் ஈரம் இழுத்துக்கொள்ளும், சூடேறினால் கொதிக்கும், லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இதை அவர் எனக்கு லிஃப்ட்டில் விளக்கினார். நான் போக வேண்டியது இரண்டாம் மாடி, இறங்கியது ஏழாவதில்.

செலவை அவர் சொல்லமாட்டார். வண்டி மலிவு என்று மட்டும் சொல்வார், அது உண்மை. தோல் சூட், பூட்ஸ், கையுறை, முதுகுக் கவசம், ஹெல்மெட் இவற்றின் பில்கள் ஆபீஸ் முகவரிக்குப் போயிருக்கும்.

சாப்பாட்டு நேரத்துப் பேச்சும் மாறிவிடுகிறது. “ரஜினி என்ன லைன் எடுப்பார் தெரியுமா! சரத்குமார் 2011லயே வேர்ல்டு சாம்பியன்ஷிப் ஓட்டிட்டாரு!” மாமியார் ஆர்வமாக நிமிர்கிறார். தேசிய சாம்பியன் ரஜினி கிருஷ்ணனையும், மோட்டோ ஜிபி தொடரின் 125 சிசி பிரிவில் ஓட்டிய சென்னைப் பையன் சரத்குமாரையும்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் ஏமாற்றத்தோடு ரசத்துக்குத் திரும்புகிறார்.

ஒருவழியாக ட்ராக் நாள். நம்பர் பிளேட்டும் லைட்டும் இல்லாததால் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. வேகத்துக்காகவே செதுக்கிய அந்த வண்டி, குட்டியானையின் முதுகில் நாலு பக்கமும் கயிறு கட்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஷேர் ஆட்டோக்கள் முந்துகின்றன.

டிரைவர் கேட்கிறார். “வண்டி ஸ்டார்ட் ஆவாதா சார்?”

“ஆகும். சூப்பரா ஓடும்.”

“அப்புறம் இன்னாத்துக்கு சார் ஏத்திக்கினு போறோம்?”

இருங்காட்டுக்கோட்டையில் வெயில் காலையிலேயே வந்துவிடும், தோல் சூட்டுக்குள் இன்னும் சீக்கிரம். வண்டிகளைப் பரிசோதிக்கிறவர் கம்பி முறுக்கைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்ததும் நம்மவர் கண் கலங்குகிறது. டிரில் பிட்டுகள் வீண்போகவில்லை. புதியவர்கள் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு சுற்று நன்றாகவே போகிறார். அதை மறைக்கக் கூடாது. மூன்றாவதில், ஒரு வலது வளைவின் உள்பக்கத்தில் சத்தமில்லாமல் ஒருவர் நுழைந்து முந்திப் போகிறார். அதே ஆர்15. ஷோரூமிலிருந்து வந்த கோலம். லைட்டுக்கு மேல் டேப் ஒட்டி, கண்ணாடியை மட்டும் கழற்றியிருக்கிறது. சாரி கார்டு அப்படியே. ஹெல்மெட்டைக் கழற்றியபோது, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்.

நம்மவர் நிழலில் உட்கார்ந்து காரணங்களை வரிசைப்படுத்துகிறார். டயர் பிரஷர். பின்ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டியிருக்க வேண்டும். ஃபோர்க் ஆயில் கனம் போதாது. பக்கத்தில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்த பெரியவர், சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து ஆசாமி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “அந்தப் பொண்ணு வாராவாரம் வருது” என்று மட்டும் சொல்லிவிட்டு டீ ஊற்றினார்.

மாலையில் வண்டியை ஏற்றிக் கயிறு கட்டும்போது குட்டியானை டிரைவர் பேச்சே இல்லாமல் இருந்தார். பகல் முழுக்க வேலி ஓரமாக நின்று பார்த்தவர். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

“சார், செகண்ட்ஸ்ல இந்த மாதிரி ஒண்ணு இன்னா ரேட்டு ஆவும்?”

“ஏம்ப்பா?”

“உங்களுக்காச்சும் ஏத்திக்கினு வர வாடகை ஆவுது. எனக்கு அதுகூட இல்ல பாரு சார்.”