முட்டி வலிக்கு முதல் வரிசை

ஜெலாப்பாங் பாசார் மாலாமில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அலுக்காமல் நடப்பவர்களுக்குப் பேரங்காடி வாசலில் மட்டும் முட்டி பிடித்துக்கொள்ளும். அதுவும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு பார்க்கிங்கின் நீலப் பெட்டி கண்ணில் பட்ட பிறகுதான்.

என் சின்னம்மா ஒருநாள் கேட்டார்: "அய்யா, நீதான் படிச்சவன். அந்தச் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் ஒண்ணு எடுத்துக் கொடேன்."

"உங்களுக்கு என்ன சின்னம்மா?"

"வயசாச்சுல்ல."

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டைத்தான் கணக்கில் எடுக்கும். சமூகநல இலாகா வைத்திருப்பது ஏழு வகை: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டது. வயதுக்கென்று எட்டாவது வகை இல்லை. டாக்டர் சோதித்துப் பாரத்தில் உறுதி செய்ய வேண்டும், பிறகுதான் கார்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் திண்ணையில் ஒரு முகாமே கூடிவிட்டது. ஃபுட்சால் ஆடிக் கணுக்கால் பிசகிய சின்னம்மா மகன், "எனக்கு?" என்றான். அடுத்த மாதம் சரியாகிவிடும் கால் நீண்டகாலத்தில் சேராது. மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவரும் வரிசையில் நின்றார். கண்ணாடி போட்ட பிறகும், இருப்பதில் நல்ல கண்ணின் பார்வை 6/18-ஐவிட மோசமாக இருந்தால்தான் பேச்சு என்றேன். அவர் தூரத்தில் போன மோட்டார் சைக்கிளின் நம்பரைப் படித்துச் சொல்லிவிட்டுத் தகுதி இழந்தார்.

தகுதி உள்ள ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை. என் மாமா. எஸ்டேட்டில் பால்மரம் சீவிய காலத்தில் விடியுமுன் ஒரு நிரையை முடிப்பவர். சீனி வியாதி முட்டிக்குக் கீழே ஒரு காலை எடுத்துக்கொண்டது. கார்டு என்றால், "என்னை என்ன, ஆகாதவன்னு எழுதி வாங்கப் போறியா?" என்பார். ஆகவே எங்கள் காடி எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும். மாமா செயற்கைக் காலோடு வெயிலில் நடப்பார். வழியில் நீலப் பெட்டிக்குள், இரண்டு கால்களும் திடமாக உள்ள யாரோ ஒருவரின் காடி, நான்கு பக்கமும் விளக்கு மினுக்கியபடி நிற்கும். நம் நாட்டில் அந்த மினுக்கல்தான் பாதிப் பேருக்கு அனுமதிச் சீட்டு. 2008 சட்டத்தில் தண்டனைப் பிரிவு கிடையாது. நகராண்மைக்காரர் சம்மனோடு வந்தால் உண்டு.

அந்தச் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968இல் வரைந்தவர் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி. அவர் வரைந்ததில் தலை இல்லை. பிற்பாடு கார்ல் மொன்டான் என்பவர் ஒரு வட்டம் போட்டுத் தலை வைத்தார். படத்துக்கு வைத்தாயிற்று, அதன் மேல் காடியை நிறுத்துபவர்களுக்கு யாராவது வைத்தால் தேவலை.

மாமாவின் வைராக்கியம் பாஸ்போர்ட்டில் உடைந்தது. பழனிக்குப் போக ஆசை. பொதுவாக இருநூறு வெள்ளி, ஓகேயு கார்டு இருந்தால் இலவசம் என்று யாரோ காதில் போட்டார்கள். மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டி வாசலில் நின்றார். "எங்கடா அந்த பாரம்?"

கார்டு வந்தது, ஸ்டிக்கர் வந்தது, மாமாவுக்கு மவுசும் வந்தது. "அண்ணே, சும்மா ஒரு ரவுண்டு வாங்களேன்" என்று சின்னம்மா தீபாவளிச் சாமான் வாங்கக் கூப்பிட்டார். அவர் மகன்தான் காடி ஓட்டினான். நீலப் பெட்டியில் நிறுத்திவிட்டு, "வெயில் மாமா, நீங்க உள்ளேயே இருங்க, ஏர்கோன் போட்டுட்டுப் போறோம்" என்றான்.

"நான் இறங்கலன்னா இந்த எடம் உனக்கு எதுக்குடா? எடு காடிய."

எடுத்தான். கடைசி வரிசைக்குப் போகும் வழியில் மாமா மனம் மாறி, தானும் உள்ளே வருவதாகவும், முதலில் மாமாக் கடையில் சீனி குறைத்து ஒரு தே தாரேக் வேண்டும் என்றும் அறிவித்தார். காடி திரும்பி வந்தபோது நீலப் பெட்டியில் வேறொன்று மினுக்கிக்கொண்டிருந்தது.