ஐந்தாவது பங்கு

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கல்விக்கும் விளையாட்டுக்கும் கலைக்கும் தனியார் கொடுக்கும் பணம். நீண்ட நாளாக எனக்கும் பேச ஆசை உள்ள விஷயம். சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த வாரம்.

கே: பணக்காரர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அள்ளிக் கொடுப்பது வருமான வரியை மிச்சம் பிடிக்கத்தானே?
— ஒரு வாசகர், சேலம்

ப: கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். 80ஜி எனப்படும் நன்கொடை வரிச் சலுகையில், பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் பாதிக்குத்தான் கழிவு. 100 ரூபாய் கொடுத்தால் 50 ரூபாய்க்கு வரி இல்லை. 30 சதவீதம் கட்டுகிறவருக்கு அதில் மிஞ்சுவது 15 ரூபாய். மீதி 85 ரூபாய் அவர் பையிலிருந்து போனது போனதுதான். புதிய வரி முறைக்கு மாறியவருக்கு அந்த 15 ரூபாயும் கிடையாது. 15 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 85 ரூபாயை விடுகிறவர் வியாபாரத்தில் பணக்காரர் ஆகியிருக்கவே முடியாது. பெயராசையோ, ஊர்ப் பாசமோ, தான் படிக்க முடியாமல் போன ஏக்கமோ, வேறு ஏதோ ஒன்று அவரைக் கொடுக்க வைக்கிறது. எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். பணம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் விடாமல் கேட்போம்.

கே: பச்சையப்பன் கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்தக் காலத்திலேயே கல்லூரி வைத்த புண்ணியவான்!
— அமைந்தகரை வாசகர்

ப: கும்பிடுங்கள். ஆனால் கல்லூரி அவர் வைத்ததில்லை. துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்புத் தரகராக, இருந்து பெரும் பொருள் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானார், வயது நாற்பதுதான். உயிலில் இருந்தவை பெரும்பாலும் கோயில் கட்டளைகளும் தருமங்களும். பொறுப்பில் இருந்தவர்கள் சொத்தைச் சரியாகப் பார்க்கவில்லை; விவகாரம் கோர்ட்டு ஏறியது, வருடக்கணக்கில் இழுத்தது. சேர்ந்து கிடந்த பணம் படிப்பின் பக்கம் திரும்பியதில் அன்றைய அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிக்கூடம் 1842-ல் திறந்தது, கல்லூரியானது 1889-ல். உயிலுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே 48 வருடம்! அதற்குள் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் படிக்காமலே பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். திறந்த பிறகும் நெடுங்காலம் இந்து மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். கொடுக்க நினைக்கிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுத்து, நிர்வாகம் யார் கையில், பிள்ளைகள் யார் யார் வரலாம் என்பதையும் தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

கே: கோவைக்காரர்கள் கொடுப்பதிலும் கணக்குப் பார்ப்பார்களாமே?
— வாசகி, பீளமேடு

ப: பார்த்தார்கள், பிரமாதமாகப் பார்த்தார்கள். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுக்குப் பிள்ளைகள் நான்கு பேர். 1926-ல் சொத்தை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. தொகை 2,01,000 ரூபாய். தருமத்தையும் கூடப் பிறந்தவனாகச் சேர்த்துக்கொண்ட பாகப்பிரிவினை வேறெங்கும் நடந்திருக்கிறதா, தெரிந்தால் எழுதுங்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். தருமப் பணத்தில் ஒரு தொழிற்கூடம் வைத்தார்கள். மாணவர்கள் வேலை கற்றுக்கொள்ளவும் ஆயிற்று; அங்கே செய்த மோட்டாரும் பம்பும் விற்ற வருமானம் மறுபடி தருமத்துக்கே வந்தது. கொடுத்த முதல் கரையாமல் பெருகியது. 1951-ல் பி.எஸ்.ஜி. டெக் வந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் படித்தது அங்கேதான். அவர் எச்.சி.எல். நடத்திச் சம்பாதித்து, 1996-ல் தன் தகப்பனார் பெயரில் களவாக்கத்தில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி வைத்தார். ஐந்தாவது பங்குக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது.

கே: கொடுத்தவர் பெயரைக் கட்டடத்தில் பொறிப்பது சரியா?
— கல்லூரி ஆசிரியை, காரைக்குடி

ப: காரைக்குடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் ஊரிலேயே இரண்டு விடையும் இருக்கின்றன. அழகப்பச் செட்டியார் 1947-ல், வெளியூர்களிலும் கல்லூரி வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் மேடையில் கேட்டதற்கு உடனே எழுந்து சம்மதம் சொல்லி, அதே வருடத்தில் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். அதற்கு அவர் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். பக்கத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறதே, அதற்காக அவர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். நேரு 1948-ல் அடிக்கல் நாட்ட, 1953-ல் திறந்தது. அதன் பெயரில் அழகப்பர் எங்கும் இல்லை. அரசின் கையில் கொடுத்தார், ஒதுங்கிக்கொண்டார். 1957-ல் அவர் காலமானபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பெயர் பொறிப்பதில் தவறே இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணை மேடையில் நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தை நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்களே, அதைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை. அந்தப் பெண் கேமராவைப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் தன் வகுப்புப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் கண் அலைகிறது.

கே: கொடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு? ஒரே வரியில்!
— மாணவர், திருநெல்வேலி

ப: கட்டடம் கட்டித் தந்துவிட்டு வாத்தியார் சம்பளத்தை மறப்பது.

இன்னும் ஒரு வரி அனுமதியுங்கள். ஓர் ஊரில், நன்கொடையாக வந்த மைக்ரோஸ்கோப்புகள் உறை பிரிக்காமல் பீரோவில் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். லேப் உதவியாளர் பணியிடம் காலி. உடைந்தால் யார் பொறுப்பு என்று எவரும் சாவியைத் தொடவில்லை.

கே: எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஹாக்கி மட்டை உண்டு. ஆனால் ஸ்பான்சர் எல்லாம் கிரிக்கெட்டுக்கே போகிறார்கள். என்ன செய்ய?
— ஹாக்கி ரசிகர், கோவில்பட்டி

ப: கிரிக்கெட்டும் ஸ்பான்சர் இல்லாமல்தான் தொடங்கியது. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களோடு ஆடப் போன இந்தியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு மரத்தடியில் உட்கார வேண்டியிருந்த காலத்தில், 1888-ல், புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். கையில் காசில்லாத பையன்களுக்கு மட்டையும் பந்தும் அவர் செலவில் வந்தன. நூறு வருடம் கழித்து, 1987-ல், எம்.ஆர்.எஃப். நிறுவனம் சென்னையில் வேகப்பந்துப் பயிற்சிக்கூடம் வைத்து ஆஸ்திரேலிய வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்தது. ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லாரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். வேகப்பந்து வீச ஆசையோடு வந்த ஒரு மும்பைப் பையனை, மட்டையைக் கவனி என்று லில்லி திருப்பி அனுப்பினார். சச்சின் என்று பெயர். ஆள் தேர்வில் இப்படித் திருப்பி அனுப்புவதும் ஒரு சேவைதான்.

டென்னிஸில், பிரிட்டானியா நிறுவனத்தின் துணையோடு அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் நடத்திய பயிற்சிக்கூடத்துக்கு 1980களின் நடுவில் கல்கத்தாவிலிருந்து ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். லியாண்டர் பயஸ் அட்லாண்டாவில் வெண்கலம் வாங்கியது 1996-ல். நடுவில் பத்து வருடச் சாப்பாடு, பயிற்சி, பயணம் எல்லாம் இருக்கிறது. விளையாட்டுக்குக் கொடுப்பவருக்கு வேண்டியது இந்தப் பத்து வருடப் பொறுமை.

உங்களுக்கு ஒரு யோசனை. "ஹாக்கியை வளர்க்க உதவுங்கள்" என்று மனு எழுதாதீர்கள். கோல்கீப்பருக்கு ஹெல்மெட், பேட், கிக்கர் என்று ஒரு முழு செட் வேண்டும். அதன் விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம். பசங்களுக்கு டர்ஃப் ஷூ வேண்டும், வெளியூர் மேட்சுக்குப் பஸ் காசு வேண்டும், தினம் இரண்டு முட்டை வேண்டும். இதை இன்ன கடையில் இன்ன விலை என்று எழுதி எடுத்துக்கொண்டு ஊர் முதலாளிகளிடம் போங்கள். முட்டைக்கு ஒருவர், ஷூவுக்கு ஒருவர் என்று ஒத்துக்கொள்வார்கள்.

கே: சிஎஸ்ஆர் பணத்தில் எங்கள் சபா ஆண்டு விழாக் கச்சேரியை நடத்த முடியுமா?
— சபா செயலாளர், மயிலாப்பூர்

ப: முடியாது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு நிறுவனச் சட்டம். கல்வி, ஒலிம்பிக் மற்றும் கிராமிய விளையாட்டு, மரபுக் கலைகள், பொது நூலகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் பேனர் கட்டும் செலவு மட்டும் கணக்கில் வராது. நாகஸ்வரமும் தவிலும் கற்கும் பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வருடப் பயிற்சி, ஆசிரியர் சம்பளம், வாத்தியம், சீவாளிச் செலவு என்று திட்டம் எழுதிக் கேளுங்கள். கதவு திறக்கும். கச்சேரியை டிக்கெட் விற்றே நடத்துங்கள்.

கே: பசித்த பிள்ளைகள் இருக்கும் நாட்டில் கலைக்குக் கொடுப்பது ஆடம்பரம் இல்லையா?
— வாசகர், தஞ்சாவூர்

ப: இல்லை. உங்கள் ஊர் ஆபிரகாம் பண்டிதரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். சித்த மருந்து விற்றுச் சம்பாதித்தவர். அந்தக் காசில் 1912 தொடங்கி தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். வித்வான்களை வரவழைத்துச் சாப்பாடு போட்டு, சுருதி எத்தனை, பண் எது, ராகம் எது என்று நாள் கணக்கில் விவாதிக்க வைத்தார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் நூலைச் சொந்த அச்சகத்தில் அச்சிட்டார். இரண்டே வருடத்தில் காலமாகிவிட்டார். தமிழிசை என்ற பேச்சு பின்னால் பெரிய இயக்கமானபோது, எடுத்துப் பார்க்க அந்தப் புத்தகம் இருந்தது. சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் இசைக் கல்லூரியும் கண்ட வங்கியாளர் அண்ணாமலை செட்டியார், 1943-ல் தமிழ் இசைச் சங்கம் அமையப் பக்கபலமாக நின்றார். மருந்து விற்றவர் கேள்வியைப் போட்டார், வங்கி நடத்தியவர் மேடை போட்டார்.

பெரும் பணம் இல்லாமலும் ஆகும். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பத்திரிகை என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைநிறுத்தியது. இன்று தமிழ் ஆய்வு செய்கிற யாரும் அந்தப் படியை மிதிக்காமல் தப்ப முடியாது. பசித்த பிள்ளைக்குச் சோறு முதலில். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்து ஒன்று வேண்டும் அல்லவா?

கே: ஓவியர்களுக்கு எந்த வள்ளலும் இல்லையே?
— ஓவிய மாணவி, கும்பகோணம்

ப: கே.சி.எஸ்.பணிக்கரும் அவர் மாணவர்களும் வள்ளலுக்குக் காத்திருக்கவில்லை. பாட்டிக் துணி செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கினார்கள். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. தனியாரிடம் கையேந்துவது அவமானம்.
— தொழிற்சங்கவாதி, திருச்சி

ப: முதல் வாக்கியத்துக்கு என் ஓட்டு உங்களுக்கே. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37,000-க்கு மேல். எந்தக் கோடீஸ்வரரும் அத்தனை பள்ளிக்குச் சம்பளம் போட முடியாது. அரசு விலகினால் எல்லாம் சாய்ந்துவிடும். இரண்டாவது வாக்கியத்தில் உடன்பாடில்லை. காமராஜர் காலத்தில் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் பெஞ்சும் மணியும் தட்டும் கொண்டுவந்து அடுக்கினார்கள். அது தங்கள் பள்ளி என்று நினைத்தவர்கள் செய்த வேலை. 2022-ல் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் அதே வழியில்தான் போகிறது. வாத்தியாரை அரசு போடட்டும், வாசலில் வேப்பமரத்தை ஊர் வைக்கட்டும்.

கே: நான் ஓய்வுபெற்ற எழுத்தர். பென்ஷனில் மாதம் 2,000 ரூபாய் ஒதுக்க முடியும். இதை வைத்து என்ன கிழித்துவிட முடியும்?
— வாசகர், ஈரோடு

ப: 1910 கடைசியில், எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாத ஒரு பையன் கணக்கு நோட்டோடு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்க்கப் போனான். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட வேண்டும் என்றான். ராவ் தன் கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது 1913-ல். அடுத்த வருடம் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். யாருக்கும் தெரியாத ஆளாக இருந்தபோது அவருக்குச் சோறு போட்டது அந்த 25 ரூபாய்.

உங்கள் 2,000 ரூபாய்க்கு வேலை இருக்கிறது. ஜூன், ஜூலையில் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். பிளஸ் டூ தேறியும் கல்லூரியில் சேராத பிள்ளை யார் என்று கேளுங்கள். கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் ஹாஸ்டல் டெபாசிட், மெஸ் பாக்கி, ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் அதில் அடங்காது. அந்தப் பள்ளத்தைத்தான் நீங்கள் அடைக்கப் போகிறீர்கள். பணத்தைக் கல்லூரி கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். மூன்று வருடமும் வரும் என்று முதல் நாளே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் இரண்டாம் வருடம் ஜவுளிக்கடை வேலைக்குப் போகாமல் இருக்கும். மார்க் குறைந்தாலும் நிறுத்தாதீர்கள். இந்த வருடம் சேர்க்கை முடிவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.