யானை மேல் ஏறினால் அம்புக்கு வசதி

திருநாவலூர் என்றால் சுந்தரர் பிறந்த ஊர் என்போம். ஆனால் அந்த ஊரில் பெரும்படையோடு வந்து தங்கி, கிளம்ப மனசே வராமல் கிடந்த இன்னொரு பெரிய மனிதரும் உண்டு. முதலாம் பராந்தகனின் மகன், சோழ இளவரசன் ராஜாதித்தன். வடக்கிலிருந்து ராஷ்டிரகூடர்கள் வந்துவிடுவார்கள் என்று அப்பா அவரைத் திருமுனைப்பாடி நாட்டில் காவலுக்கு உட்கார வைத்தார். இளவரசரும் உட்கார்ந்தார், வருஷக்கணக்கில். எதிரி வந்தபாடில்லை.

சும்மா இருக்கிற படைக்கும் மூணு வேளை சோறு போட்டாக வேண்டுமே. திருநாவலூரில் கற்கோயில் எழுந்தது. கேரளத்திலிருந்து வந்திருந்த படைத்தலைவர் வெள்ளன் குமரன், பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் (ஊர்ப் பெயரே அதுதான், நான் சோம்பேறித்தனமாக எழுதவில்லை) 943இல் இன்னொரு கோயில் கட்டினார். வீராணம் ஏரியை வெட்டியதும் இந்தப் படைதான் என்று பொன்னியின் செல்வனில் கல்கி சொல்லிவிட்டதால், நமக்கெல்லாம் அதுவே வரலாறு. ஆக, வேலும் வாளும் மூலையில் கிடக்க, மண்வெட்டிக்குத்தான் ஏகப்பட்ட கிராக்கி.

கடைசியில் 949இல் எதிரி வந்தே விட்டான். அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் மோதல். அந்தப் பக்கம் மூன்றாம் கிருஷ்ணன், கூடவே அவன் மைத்துனன் கங்க அரசன் பூதுகன். இந்தப் பக்கம் ராஜாதித்தன், பெரிய யானை மேல். தளபதி எங்கே இருக்கிறார் என்று சொந்தப் படைக்குத் தெரிய வேண்டும் என்பது யுத்த சாஸ்திரம். சொந்தப் படைக்குத் தெரிந்தால் எதிரிப் படைக்கும் தெரியுமே என்று சாஸ்திரம் எழுதியவர் யோசிக்கவில்லை. யானை, அம்பாரி, கொடி, குடை எல்லாம் சேர்த்தால் கண் மங்கிய வில்லாளிக்கும் குறி தப்பாது. அம்பு நெஞ்சில் பாய்ந்து, இளவரசர் விண்ணுலகம் போனார் என்கிறது சோழர்களின் லெய்டன் செப்பேடு. பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான் என்கிறது கங்கர் தரப்பு. நம்ம ஆள் தோற்ற கதையை நாம் கௌரவமாகச் சொல்கிறோம், அவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள்.

அவர்கள் அதைப் பொறித்த இடம்தான் விசேஷம். மண்டியா பக்கம் ஆதகூர் நடுகல். தக்கோலத்தில் பிரமாதமாகச் சண்டை போட்ட பூதுகனின் வீரன் மணலேரனிடம், என்ன வேண்டும் கேள் என்றாராம் கிருஷ்ணன். அவன் கேட்டது ராஜா வளர்த்த காளி என்ற வேட்டை நாயை. அது ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டி, பன்றியைக் கொன்று தானும் செத்தது. நடுகல் அந்த நாய்க்குத்தான். சோழ இளவரசர் செத்த செய்தி, ஒரு நாயின் நினைவுக்கல்லில் கூடுதல் தகவலாக வருகிறது.

இதிலிருந்து உலகம் ஏதாவது கற்றுக்கொண்டதா? 965 வருஷம் கழித்து முதல் உலகப்போர். நிமிஷத்துக்கு ஐந்நூறு குண்டு கக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே பிரெஞ்சுச் சிப்பாய் போனது பளிச்சென்ற சிவப்புக் கால்சட்டையில். அதை மாற்றலாமா என்று பேச்சு வந்தபோது, சிவப்பை விட்டால் பிரான்ஸே போச்சு என்று சண்டைக்கு நின்ற அரசியல்வாதிகளும் உண்டு. பிரிட்டிஷ் அதிகாரிகள் வாளைச் சாணை பிடித்துக்கொண்டு பிரான்ஸில் இறங்கினார்கள். சிப்பாய் கையில் லீ என்ஃபீல்டு ரைபிள், துரை கையில் வாள். எதிரே மவுசர் ரைபிளோடு படுத்திருந்த ஜெர்மானியனுக்கு, யாரை முதலில் சுட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் துரைமார்கள் வாளை ஓரங்கட்டிவிட்டுச் சிப்பாய் மாதிரியே உடுத்தத் தொடங்கினார்கள். ராஜாதித்தனுக்கு அந்த ஒரு வருஷ அவகாசம் கிடைக்கவில்லை.

நம்ம சென்னையும் சளைத்ததல்ல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி. வங்கக் கடலில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் திரிவது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஹைகோர்ட் உச்சியில் கலங்கரை விளக்கம் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. எம்டனின் கேப்டன் வான் முல்லர் விவரமான ஆள். மூன்று புகைபோக்கி உள்ள கப்பலில் நாலாவதாக ஒரு போலியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் கட்டித் திரிந்தவர். எதிரியே விளக்குப் பிடித்தால் விடுவாரா? பத்தரை சென்டிமீட்டர் பீரங்கியால் நூறு குண்டுக்கு மேல் பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஜனம் மூட்டை முடிச்சோடு ரயிலடிக்கு ஓடியது.

இரண்டாம் உலகப்போரில் போர் திருநாவலூர் வாசலுக்கே வந்தது. பக்கத்து உளுந்தூர்பேட்டையில் வெள்ளைக்காரன் விமான ஓடுதளம் போட்டான். ராஜாதித்தன் படை காத்திருந்த அதே சீமையில் இன்னொரு படை, ஜப்பான்காரனுக்காக வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. அங்கே விமானம் வரப்போகிறது என்று இப்போதும் அவ்வப்போது செய்தி வருகிறது. அந்த மண்ணின் ராசி அப்படி.

1942 ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று ஜப்பான் வரிசையாகக் குண்டு போட, சென்னை சர்க்கார் கோப்புகளைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் கிளம்பியது. போகிற போக்கில் ஒரு கவலை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால், மிருகக்காட்சி சாலைச் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே? மலபார் சிறப்புப் போலீஸை அழைத்து, கூண்டுக்குள் இருந்தவற்றை அப்படியே சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் கப்பற்படை சென்னைக்கு வரவே இல்லை.