எம்.ஆர்.பி.க்கு மேல் பத்து மார்க்

ஐயப்பன்தாங்கலில் இப்போது ஒயின் ருசி பார்க்கிறார்கள்.

மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஒட்டி எழும்பி நிற்கும் அடுக்ககங்களில், சனிக்கிழமை இரவானால் ஐந்து இடத்துப் புட்டிகள் மேஜைக்கு வருகின்றன. ஆஸ்திரேலியாவின் ஷிராஸ். சிலியின் கேபர்நே. அர்ஜென்டினாவின் மால்பெக். தென்னாப்பிரிக்காவின் பினோட்டாஜ். நம் பங்குக்கு நாசிக். எல்லாம் சிவப்பு, எல்லாம் 'பட்ஜெட்'. ஆளுக்கொரு தாள், ஒரு பேனா. கோப்பையைச் சுழற்றுகிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், ஒரு மிடறை வாயில் வைத்து உருட்டுகிறார்கள், மார்க் போடுகிறார்கள். ஒருவருக்குக் கறுப்பு பிளம் தெரிகிறது. இன்னொருவருக்குப் புகையிலை. மூன்றாமவருக்கு ஈரமண். தலைக்கு மேல் மெட்ரோ தூண், காலடியில் தோண்டிப் போட்ட சாலை என்று வருஷக்கணக்கில் வாழ்ந்தவர். அவருக்கு ஈரமண் தெரியாமல் வேறு என்ன தெரியும்?

இதில் தப்பொன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்கியதை முகர்ந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது வாங்கியவனின் உரிமை. என் கோபம் வேறு இடத்தில். அந்த உரிமை ஏன் எட்டாவது மாடியோடு நின்றுவிடுகிறது? அதே வட்டாரத்தில் மத்தியானம் 12 மணிக்கு டாஸ்மாக் கடையின் ஷட்டரைத் தூக்கும்வரை காத்து நிற்கும் கொத்தனாருக்கு அது ஏன் கிடையாது?

கடையைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஊராக இருந்தாலும் அச்சு ஒன்றுதான். கம்பி வலை. வலையில் கை நுழைய ஓர் ஓட்டை. பணம் பிடித்த கை உள்ளே போகும். புட்டி பிடித்த கை வெளியே வரும். முகம் தேவையில்லை.

"அண்ணே, அந்த பிராண்ட் இருக்கா?"

"இல்ல."

"வேற என்ன இருக்கு?"

"இதான் இருக்கு. வேணுமா, வேணாமா? பின்னாடி ஆள் நிக்குது."

டேஸ்டிங் முடிந்தது. சிறையில் கைதியைப் பார்க்கப் போனால்கூட இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேச விடுவார்கள்.

இந்த ஓட்டை வழியாகத்தான் 2024-25ஆம் ஆண்டில் அரசுக்குச் சுமார் 48,344 கோடி ரூபாய் வந்தது. டாஸ்மாக் 1983-இல் மதுவின் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தையும் அரசே கையில் எடுத்தது. அந்த 2003-04-இல் வருமானம் சுமார் 3,639 கோடி. இருபது ஆண்டுகளில் பதின்மூன்று மடங்கு. இப்படி வளர்ந்த அரசுத் தொழில் வேறெது? பள்ளிக்கூடமா? பஸ்ஸா? இதை நடத்தும் துறையின் பெயரைத் தெரியாதவர் இல்லை: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்குவது முதல் வேலை, விற்பது மிச்ச வேலை. மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதி வைத்துவிட்டு, அந்த எழுத்துக்கு அடியிலேயே கல்லாப் பெட்டியைப் போட்டிருக்கிறார்கள்.

சரி, அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது? தமிழனுக்குப் பிடித்தது பிராந்தி. உலகம் முழுக்கப் பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடிப்பது. நம் மலிவுப் பிராந்திக்கும் திராட்சைக்கும் பெரும்பாலும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட், தண்ணீர், கலர், வாசனை. சதவீதம் 42.8. லேபிளில் மட்டும் திராட்சைக் கொத்து தொங்கும்.

ஒயின் வித்தகர் ஒருவரைக் கூப்பிட்டு இதற்கு மார்க் போடச் சொல்லுங்கள். நிறம்: கருகிய சர்க்கரை. மணம்: ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் தடவும் பஞ்சு. நாவில்: ஒன்றுமில்லை, நாக்கு செத்துவிட்டது. தொண்டையில்: தீ. பின்ருசி: மறுநாள் காலை பத்து மணி வரை. உடன் உண்ணத் தக்கது: ஊறுகாய் பாக்கெட், அரை நெல்லிக்காய், பிளாஸ்டிக் டம்ளர். முதிர்ச்சிக் காலம்: ஆலையிலிருந்து லாரி வந்து சேர எத்தனை நேரமோ அத்தனை.

நான் ஜோடித்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இதைவிடக் கடுமையான மதிப்பீடு சட்டமன்றத்திலேயே பதிவாகியிருக்கிறது. 2024 ஜூன் இறுதியில் மூத்த அமைச்சர் துரைமுருகன் அவையில் எழுந்து பேசினார். உடல் நோக உழைப்பவனுக்கு அரசு விற்கும் சரக்கு குளிர்பானம் மாதிரி ஆகிவிடுகிறது, அவன் 'கிக்' தேடித்தான் கள்ளச்சாராயத்துக்குப் போகிறான் என்பது அந்தப் பேச்சின் சாரம். விற்பவரே தன் சரக்குக்கு மேடையேறி மார்க் போட்டது இதுவே முதல் முறையாக இருக்கும்.

எப்போது பேசினார் தெரியுமா? கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த சில நாட்களில். அதற்கு முந்தைய ஆண்டுதான் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அதே மெத்தனாலில் செத்தார்கள். கருணாபுரத்தில் ஒரே தெருவில் பிணங்கள் வரிசையாகக் கிடந்தன. தலைக்கு 10 லட்சம் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அவை நடுவிலோ, கிக் போதுமா போதாதா என்ற ஆராய்ச்சி. அடுக்ககத்தில் பிளம் தேடுபவரைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை அதற்குப் பிறகு நமக்கு எங்கே இருக்கிறது?

துறையின் கரிசனத்துக்குக் குறைவில்லை. 2023-இல் 90 மில்லி டெட்ரா பேக் யோசனை வந்தது. ஒரு குவார்ட்டரை வாங்கிப் பங்கு போட ஆள் கிடைக்காமல் கடை வாசலில் நிற்பவர்களின் சிரமத்தைத் துறை அமைச்சரே எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில் கல்யாண மண்டபத்திலும் சிறப்பு உரிமம் வாங்கிப் பரிமாறலாம் என்று அரசிதழ் சொன்னது. ஊர் கொதித்ததும் மண்டபம் மட்டும் அடிக்கப்பட்டது. அதே உத்தரவில் இருந்த கருத்தரங்கமும் விளையாட்டுப் போட்டியும் தப்பின. கட்டிங்குக்குக் கூட்டாளி கிடைக்காத கவலை கோட்டை வரை எட்டுகிறது. எம்.ஆர்.பி.க்கு மேல் புட்டிக்குப் பத்து ரூபாய் பிடுங்குகிறார்கள் என்ற புகாரும் அதே கோட்டைக்குப் பல வருஷமாகப் போகிறது. நடவடிக்கை எடுக்கிறோம் என்ற பதிலும் பல வருஷமாக வருகிறது. பத்து ரூபாயும் வருகிறது.

இதே நிறுவனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மால்களில் 'எலைட்' கடை. ஏசி. கண்ணாடிக் கதவு. அலமாரியில் நாடு நாடாகப் புட்டிகள். கையில் எடுக்கலாம், லேபிளைப் படிக்கலாம், பிடிக்கவில்லையென்றால் திரும்ப வைக்கலாம். 2023-இல் கோயம்பேடு மால் கடையில் தானியங்கி இயந்திரம்கூட வைத்தார்கள். ஒரே அரசு, ஒரே துறை, ஒரே கல்லா. ஒருவனுக்கு அலமாரி, ஒருவனுக்கு ஓட்டை. நாலாயிரத்துச் சொச்சம் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அலமாரி வாய்க்கவில்லை.

எலைட்டுக்குப் போகும் நம் அடுக்ககத்து நண்பரும் ஏமாறாமல் இல்லை. அவருடைய 'பட்ஜெட்' புட்டியின் கதையைக் கேளுங்கள். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா போடும் இறக்குமதி வரி 150 சதவீதம். 400 ரூபாய்க்குத் துறைமுகத்தில் வந்திறங்கும் புட்டி, வாசலைத் தாண்டும்போது 1,000 ரூபாய். அதற்குப் பிறகுதான் மாநிலத்தின் கை நீள்கிறது. ஆஸ்திரேலியாவுடன் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. வரி குறைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. யாருக்குக் குறைந்தது? புட்டி 15 டாலருக்கு மேல் என்றால் 150 உடனே 75 ஆனது. பத்தாண்டில் 25 ஆகும். 5 டாலருக்கு மேல் என்றால் 100. பிறகு படிப்படியாக 50. 5 டாலருக்குக் கீழே? ஒரு பைசா சலுகை கிடையாது. 150 அப்படியே நிற்கிறது. உள்ளூர் ஒயினைக் காப்பாற்ற என்று காரணம் சொல்கிறார்கள். பணக்காரன் குடிப்பதால் உள்ளூர் ஒயினுக்குச் சேதமில்லை போலும்.

மார்க் போடும் வித்தையே பெரிய யோக்கியம் என்று சொல்லவில்லை. ராபர்ட் பார்க்கர் பரப்பிய 100 மார்க் முறையில் கணக்கு தொடங்குவதே 50-இல்தான். புட்டியாகப் பிறந்ததற்கே பாதி மார்க். 2001-இல் பிரெடரிக் புரோஷே என்ற ஆராய்ச்சியாளர் பிரான்சின் போர்தோவில் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயின் மாணவர்களிடம் நீட்டினார். அவர்களும் சிவப்பு ஒயினுக்கு உரிய பழங்களையெல்லாம் கண்டுபிடித்து எழுதினார்கள். கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்சன் ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்தார். நடுவர்கள் பலர் மூன்று விதமாக மார்க் போட்டார்கள். ஆனால் அந்தப் பித்தலாட்டத்தில் பறிபோவது பர்ஸ் மட்டும். இதயத்துக்கு நல்லது, உடம்பு நிறம் கூடும் என்று நம் ஊரில் சுற்றும் சிவப்பு ஒயின் வைத்தியமும் அந்த ரகம்தான். எந்த அளவும் பாதுகாப்பான அளவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. மருத்துவர்கள் எல்லாரும் கேட்டார்கள், வாட்ஸ்அப் மட்டும் கேட்கவில்லை.

நமக்கு ஒயினுக்குத் திராட்சை இல்லையா? தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து ஊன்றியது என்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒயினுக்கும் ஏற்ற பழம் என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். விலை சரியும் நாளில் விவசாயி அதைக் கிலோ கணக்கில் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறான். நாசிக்கில் 1999-இல் தொடங்கிய சூலா என்ற ஒரே ஒரு ஒயின் நிறுவனம், அந்த ஊர்த் திராட்சையை நாடறிய வைத்தது. கர்நாடகம் 2007-இலேயே ஒயினுக்கென்று கொள்கை போட்டது. நாம் மொலாசஸுக்கு விசுவாசமாக இருக்கிறோம். கள்ளையாவது விட்டார்களா? பனையில் இறக்கி அன்றே குடிக்கும் கள்ளுக்கு 1987 முதல் தடை. கள் உடம்புக்குக் கெடுதல் என்பது வாதம். 42.8 சதவீதம் என்ன, கஷாயமா?

இதையெல்லாம் எதிர்த்துக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? கடையை மூடச் சொல்லிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்ற போராட்டத்தில் உயிரை விட்டார். அதே ஆண்டு அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாட்டுப் பாடிய கோவன்மேல் தேசத்துரோக வழக்கு. மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்குவது தேசப்பணி, மூடு என்று பாடுவது துரோகம்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையை நகர்த்தினால் வருமானம் போகும். சாலையை நகர்த்த முடியாது. அரசு யோசித்தது: சாலையின் பெயரை மாற்றினால்? மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக்கும் வேலை தொடங்கி, அது உயர் நீதிமன்றம் வரை போனது. குடிநீர்க் குழாய் உடைந்தால் இந்தச் சுறுசுறுப்பில் கால்வாசி காட்டியிருக்கிறார்களா?

2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் மதுவிலக்கு வாக்குறுதி கொடுத்தன. ஒன்று உடனே என்றது. மற்றொன்று படிப்படியாக என்றது. 2016-இல் 500 கடைகள் மூடப்பட்டன. 2017-இல் 500. ஆட்சி மாறி 2023-இல் 500. ஒவ்வொரு முறையும் படம், பேட்டி, பாராட்டு. வருமானம் மட்டும் மூடிய கடையைத் தேடி அதிக நாள் அழவில்லை. பக்கத்துக் கடையில் வரிசை நீண்டது, அவ்வளவுதான்.

ஒட்டுமொத்தமாக மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஆகும் துணிச்சல் எந்தக் கொடிக்கும் கிடையாது. விற்பதென்றால் விற்பவனாக நடந்துகொள்ளுங்கள். புட்டிக்குள் இருப்பது மொலாசஸ் ஸ்பிரிட் என்று திராட்சைப் படத்தை எடுத்துவிட்டுத் தமிழில் அச்சடியுங்கள். ஒவ்வொரு தொகுதியின் ஆய்வக முடிவையும் கடை வாசலில் ஒட்டுங்கள். பில் கொடுங்கள். ஓட்டையை அடைத்துக் கதவைத் திறங்கள்.

ஓட்டுப் போடும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தேர்தல் அறிக்கையில் 'படிப்படியாக' என்று யார் எழுதிக்கொண்டு வந்தாலும், வாசலில் நிறுத்தி இரண்டே கேள்வி கேளுங்கள். 2016-இலிருந்து எத்தனை படி இறங்கியிருக்கிறோம்? இறங்கியிருந்தால் 48,344 கோடி எந்தப் படியில் ஏறி வந்தது?