வாசற்படி நாட்டமும் கூண்டு மறுப்பும்: வீட்டு நாயின் உறைவிடத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

கூண்டு மறுப்பு என்பது, வீட்டுக்காரர் தம் நாய்க்கென்று பணம் செலவழித்துக் கட்டிய தனி உறைவிடத்தை அந்த நாய் சுற்றிப் பார்த்து, முகர்ந்து, அதன் மூலையில் ஒருமுறை காலைத் தூக்கித் தன் உரிமையையும் நிலைநாட்டிய பின்னர், அதனுள் படுப்பதற்கு மட்டும் உடன்படாத நிலையைக் குறிக்கும். கால்நடை மருத்துவம் இதை ஒரு நோயாகக் கொள்வதில்லை. கட்டடக் கலை இதைத் தன் தோல்வியாக ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே இரண்டு துறைகளுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் இப்பொருளை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வின் எல்லை, சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும் போர்ட்டிகோவும் உடைய தமிழ்நாட்டுத் தனி வீடுகளோடு நின்றுகொள்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு நாய்களுக்குக் கூண்டு கிடையாது, சோபா உண்டு என்பதால் அவை வேறோர் ஆய்வுக்கு உரியவை.

புதுவீடு கட்டி முடிக்கும் தறுவாயில், மிஞ்சிய ஹாலோ பிளாக் கற்களையும் பாதி மூட்டை சிமெண்டையும் என்ன செய்வதென்று வீட்டுக்காரர் தலையைச் சொறியும்போது, கொத்தனார் முன்வைக்கும் யோசனையாகவே பெரும்பாலான கூண்டுகள் பிறக்கின்றன. இடம், வீட்டின் பின்புறம் செப்டிக் டேங்கை ஒட்டியோ மோட்டார் ரூமுக்குப் பின்னாலோ, வேறெதற்கும் பயன்படாது என்று முடிவான மூலையாக அமைகிறது. மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ், தரையில் குளியலறைக்கு ஒட்டியது போக மீந்த டைல்ஸ், வெளிச்சுவரில் வீட்டுக்கு அடித்த அதே பெயிண்ட், முகப்பில் ‘டைகர்’ என்ற பெயர் ஆகியன இக்கட்டட மரபின் பொதுக்கூறுகளாம். இவற்றுள் எதிலும் டைகரின் கருத்து கேட்கப்படவில்லை.

மறுக்கும் நாய் எங்கே படுக்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கினால், அதற்கு உறைவிடம் பற்றிய தெளிவான கொள்கை ஒன்று இருப்பது புலப்படும். காலை வெயில் ஏறத் தொடங்கும்போது அது சம்ப்பின் மூடிமேல் படுக்கிறது. அடியில் தண்ணீர் நிற்பதால் அந்த சிமெண்ட் மூடி முற்றத்தின் மற்ற தரையைவிடக் குளிர்ந்திருக்கும். உச்சி வேளையில் காருக்கு அடியில் புகுந்துகொள்கிறது. மாலையில், தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிய பத்தாவது நிமிடத்தில், ஈர மண்ணை முன்னங்கால்களால் வாரி இறைத்து, மேல்மண் விலகிக் குளிர்ந்த அடிமண் தெரிந்ததும், மூன்று சுற்றுச் சுற்றி அந்தக் குழியில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. இரவிலோ தலைவாசல் மிதியடியில், வீட்டுத் தலைவரின் செருப்பொன்றின் மேல் மோவாயைப் பொருத்தியபடி உறங்குகிறது. ஒரே நாளில் நான்கு உறைவிடங்களை வேளைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உயிரினம் ஒன்றை, தகரம் போட்ட ஒற்றை அறையில் நிரந்தரமாகக் குடியேற்ற முயல்வதே மனிதத் தரப்பின் கோரிக்கை என்பதை இங்கே நினைவிற்கொள்வது நலம்.

மறுப்புக்கான காரணம் பற்றிப் பல கொள்கைகள் நிலவுகின்றன. குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் நாய் வெளியேதான் போகும் என்ற பொருள்பட வழங்கும் பழமொழியே இவற்றுள் மிகப் பழையது. ஆயின் இப்பழமொழி களச் சான்றுகளோடு முற்றிலும் முரண்படுகிறது. நடுவீட்டில் வைக்கப்பட்ட நாய் தானாக வெளியே போனதாக எவ்வீட்டிலும் புகார் இல்லை. போகச் சொல்லியும் போகவில்லை என்பதே புகார். அடுத்ததாகிய கௌரவக் கொள்கை, உயர்சாதி நாய்களே கூண்டைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதுகின்றன என்று கூறும். இந்திய அஞ்சல் துறை 2005-இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த ராஜபாளையம் நாய்க்கு அத்தகைய எண்ணம் தோன்றினால் வியப்பில்லைதான்; ஆனால் மழைக்கு ஒதுங்கித் தானாக வந்து சேர்ந்த தெரு நாயும் மூன்றே நாளில் அதே கௌரவத்தை எய்திவிடுவதால் இக்கொள்கையையும் கைவிட வேண்டியுள்ளது.

எஞ்சுவது வெப்பக் கொள்கை. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிர அதனால் இயலாது. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டுமே ஓரளவு வியர்க்கும். எனவே அது வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, வேகமாக மூச்சிரைத்து, வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இம்முறை பலிக்கவேண்டுமானால் சுற்றியுள்ள காற்று ஓடவும் வேண்டும், உலர்ந்தும் இருக்க வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகளோ, நாய் நிற்கவும் திரும்பவும் படுக்கவும் போதுமான அளவுக்குமேல் கூண்டு பெரிதாக இருத்தலாகாது, அப்போதுதான் அதன் உடற்சூடே கூண்டைக் கதகதப்பாக வைத்திருக்கும், வாயிலும் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும் என்று விதிக்கின்றன. பனி பெய்யும் ஊருக்கு இது பொன்னான விதி. இதே அளவை இணையத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அக்கினி நட்சத்திர வெயிலில் தகரத்தின் கீழ் கட்டி எழுப்பினால், நாய் விடும் மூச்சின் ஈரமே உள்ளே தங்கித் திரண்டு, கூண்டு ஓர் இட்லிப் பானையாகிவிடுகிறது. அதற்குள் போக மறுக்கும் நாயைப் பிடிவாதம் பிடிப்பதாகக் குற்றஞ்சாட்டுவது இயற்பியலுக்கு எதிரான நிலைப்பாடாகும்.

உண்ணியையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. நாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின்மேல் கழிப்பதில்லை; இரத்தம் குடித்து உப்பியதும் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்து, அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. பூச்சு வேலையில் கொத்தனார் கைவிட்ட ஒவ்வோர் ஓட்டையும் அதற்கு ஒரு வீடு. ஆகவே கூண்டில் நாய் குடியேறாவிட்டாலும் உண்ணி குடியேறியிருக்க வாய்ப்புண்டு. புதுப் பெயிண்ட் வாடையும் நாயின் மூக்கு பொறுக்காத ஒன்றே. அதற்குச் சில நாள் காற்றாட விடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

வெப்பமும் உண்ணியும் மட்டுமே காரணமாயின், நல்ல வடிவமைப்பு சிக்கலைத் தீர்த்திருக்க வேண்டும். தீர்க்கவில்லை என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1956-இல் கலிபோர்னியாவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், தன் நாய் எட்டிக்கு ஒரு வீடு வரைந்து தருமாறு, அமெரிக்காவின் தலைசிறந்த கட்டடக் கலைஞராகிய பிராங்க் லாயிட் ரைட்டுக்குக் கடிதம் எழுதினான். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கான வேலைகளில் மூழ்கியிருந்த அம்முதியவர், பிறகு எழுதும்படி முதலில் பதில் அனுப்பி, சிறுவன் விடாது மறுபடி எழுதியதும், முக்கோண வடிவில் ஒரு வரைபடத்தைக் காசு வாங்காமல் அனுப்பிவைத்தார். வரைபடம் பின்னாளில் மரத்தில் உருப்பெற்றது. கூரை ஒழுகிற்று. நாய் வாசமும் அங்கே நிலைக்கவில்லை. அக்கட்டடம் ஒருநாள் குப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. கூரை ஒழுகுவது ரைட்டின் மனித வீடுகளிலும் கேள்விப்பட்ட குறைதான். ஆனால் அவற்றில் குடியிருந்த செல்வந்தர்கள் வாளியை வைத்துவிட்டுப் புகழைக் கருதிப் பொறுத்துக்கொண்டார்கள், நாய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. பல்லாண்டுகளுக்குப் பின் அதே வரைபடத்தைக் கொண்டு மறுபடியும் செய்யப்பட்ட கூண்டு, ரைட் வடிவமைத்த மரின் கவுண்டி அரசு அலுவலகக் கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. காட்சிப்பொருளாதலின் அதில் நாய் இல்லாமை குறையாகத் தோன்றாது.

எனவே கூண்டைப் பற்றிய ஆராய்ச்சி மட்டும் போதாது; கூண்டு நிற்கும் இடத்தை ஆராய்வதே முறையாகும். தலைவாசலும் கேட்டும் ஒருசேரக் கண்ணில் படும் புள்ளியில் தன் உடலை நிறுத்திக்கொள்ளும் விழைவை இக்கட்டுரை வாசற்படி நாட்டம் என்று பெயரிட்டு அழைக்கிறது. கேஸ் சிலிண்டர்காரர் வருவது ஒரு புறம், வீட்டார் சாப்பிட உட்காரும் அரவம் மறுபுறம் ஆகிய இவ்விரண்டில் எதையும் தவறவிட நாய் விரும்புவதில்லை. செப்டிக் டேங்க் மூலையிலிருந்து இரண்டுமே தெரியாது. மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், தருமனைப் பின்தொடர்ந்த நாய் சொர்க்கத்தின் வாசல்வரை வந்துவிட்டது; நாய்க்கு இடமில்லை என்றான் இந்திரன், நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றான் தருமன். பின்புறத்தில் தனியாக ஒரு கூண்டு கட்டித் தரலாம் என்ற சமரசத்தை இருவருள் எவரும் முன்வைக்கவில்லை என்பது உரையாசிரியர்களின் கவனத்துக்கு உரியது.

இனி, நடைமுறையிலுள்ள வழிகளுள் மிகக் கெட்டது பின்னாலிருந்து தள்ளுவதாகும். ‘டைகர், உள்ளே போடா’ என்று வாயால் சொல்லிக்கொண்டே இரு கைகளால் இடுப்பைப் பிடித்து நெருக்கும்போது, நாய் நான்கு கால்களையும் அகல ஊன்றி, உடலின் எடையை இருமடங்காக்கிக்கொள்ளும் வித்தையை எவரும் கண்டிருக்கலாம். உள்ளே விட்டுச் சங்கிலியால் கட்டிவைப்பது அதனினும் கெட்டது. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவோடு சேர்த்து ஓர் ஒலியை மீண்டும் மீண்டும் எழுப்பிவந்தால், பிறகு ஒலி கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு வாயூறும் என்று காட்டினார். இதனை உளவியலார் ஆக்கநிலையுறுத்தம் என்பர். கூண்டோடு சங்கிலியும் அதட்டலும் சேர்ந்தே வந்தால், கூண்டைக் கண்ட மாத்திரத்தில் காருக்கு அடியில் ஓடுவதும் இதே விதியின்படி நிகழ்வதுதான். ஓயாமல் கட்டிவைத்த நாய்க்குத் தக்க உடற்பயிற்சி தராமலிருப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. நாயின் ஒரு வேளைத் தீனிக்கும் காணாத தொகை.

பயன் தரும் முறை மெதுவானது. முதலில் கூண்டையே நாயின் விருப்பப் புள்ளிக்கு அருகே, போர்ட்டிகோ ஓரமாகக் கொண்டுவர வேண்டும். கொத்தனார் கட்டிய கூண்டு நகராது என்பதால் இக்கட்டத்திலேயே பலருடைய ஆராய்ச்சி முடிவுக்கு வந்துவிடும். நகரும் கூண்டுடையோர், தகரத்தின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, தரையைச் செங்கல் வைத்துச் சற்று உயர்த்தி, கதவைக் கழற்றி வைத்துவிடுதல் நன்று. உள்ளே விரிக்கும் சாக்கு புதிதாக இருத்தல் கூடாது. நாய் ஏற்கெனவே படுத்துப் புரண்ட சாக்காகவோ, வீட்டார் உடுத்திக் கழித்த பழைய லுங்கியாகவோ இருக்க வேண்டும். பிறகு டீக்கடைப் பொறை ஒன்றை வாயிலுக்கு வெளியேயும், மறுநாள் வாயிலிலும், அதன் மறுநாள் சற்று உள்ளேயும் வைத்து, யாரும் நின்று பார்க்காமல் விலகிப்போக வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்க ஓர் அளவை தேவைப்படுகிறது. ஒரு கால் உள்ளே வைத்தால் கால் நுழைவு, இரு கால்கள் எனில் அரை நுழைவு, மூன்று எனில் முக்கால் நுழைவு என்று கொள்ளலாம். அரை நுழைவே பெருவழக்கு. கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைத் தப்பி ஓடுவதற்கு ஆயத்தமாக வெளியே ஊன்றி, பொறையைக் கவ்வியதும் பின்னோக்கியே வெளியேறும் நிலை அது. முக்கால் நுழைவை எட்டிய நாய்கள் சில, சாக்கையும் பல்லால் இழுத்து வெளியே கொணர்ந்து, கூண்டின் சுவரோரம் விரித்து, அதன்மேல் படுத்துக்கொள்வதுண்டு. இதனைச் சாக்கு விளைவு எனலாம். வீட்டார் இதைத் தோல்வியாகக் கருதிச் சாக்கைப் பிடுங்குவது தவறு. உடைமைமேல் பற்று தோன்றிவிட்டது, இருப்பிடம் பற்றிய கருத்து வேறுபாடு மட்டுமே எஞ்சியுள்ளது. சில வாரங்கள் பொறுத்தால், பெரும்பாலும் ஐப்பசி மழையின் முதல் சாரலில், முழு நுழைவு தானே கைகூடும். கைகூடியபின் அந்நாயை அங்கு வைத்து அதட்டாதிருப்பதும், கூண்டைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதிருப்பதும் வீட்டாரின் பொறுப்பு. தீபாவளியன்று மட்டும் அது கட்டிலுக்கு அடியிலோ குளியலறையிலோ இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்கலாகாது.

இவ்வளவும் செய்தும் காலியாகக் கிடக்கும் கூண்டுகளில் தேங்காய் மட்டையும் பழைய பெயிண்ட் டப்பாவும் சேர்வது இயல்பு. எவ்விதப் பயிற்சியுமின்றிப் பூனை ஒன்று உள்ளே புகுந்து குட்டி போட்டுவிடுவதும் அரிதன்று. பிறர் கைக்குப் போனதும் நாய்க்கு அவ்விடத்தின் மீது திடீர்ப் பற்று பிறந்து, வாயிலில் வந்து நின்று உறுமும். உள்ளிருந்து பூனை சீறியதும், நான்கடி பின்வாங்கி அங்கேயே படுத்துக் காவலிருக்கும்; வீட்டார் சிலர் இதையே முன்னேற்றமாகப் பதிவு செய்கின்றனர். குட்டிகள் கண் திறந்து, சுவரேறும் பருவத்தை அடைந்து, தாய்ப்பூனை இடத்தைக் காலி செய்யும்வரை கூண்டைக் கழுவவோ சாக்கை மாற்றவோ முயல்வது ஆபத்து என்பதால், அதுவரை பயிற்சியை ஒத்திவைத்து, பொறையை வழக்கம்போல் வாசலிலேயே போட்டுவிடுவது நடைமுறைக்கு உகந்தது.